நேற்றுப் போன வண்டியின் சத்தம்

ஊசிப்பாறையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, வண்டி இல்லாமல் ஒரு மோட்டார் சைக்கிளின் சத்தம் மட்டும் ரயில்வே கேட்டைத் தாண்டி, ஞானதுரையின் டீக்கடையைத் தாண்டி, கோமதியின் ஆடுகளை ஓரத்துக்கு விரட்டிவிட்டு, பெரிய பாலம் வரைக்கும் போய், அங்கே திரும்பி, போன வழியே வந்து, வெயிலுமுத்துவின் பட்டறை வாசலில் இரண்டு தடவை உறுமிவிட்டு நின்றது. டீக்கடையில் இருந்த ஏழு பேரும் அதைக் கேட்டார்கள். ஆறு பேர் விட்ட இடத்திலிருந்து டீயைக் குடிக்க ஆரம்பித்தார்கள், ஏனென்றால் சத்தம் போய்விட்டது, டீ ஆறிக்கொண்டிருந்தது. ஏழாவது ஆள் வெயிலுமுத்து. கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ முழங்கை வரைக்கும் வழிந்தது அவனுக்குத் தெரியவில்லை.

"ஏய் வெயிலு," என்றார் ஞானதுரை, வடிகட்டியைத் தட்டிக்கொண்டே. "இது நேத்து நீ போனதுல்லா?"

அதேதான். அணைப்பதற்கு முன்னால் இரண்டு முறுக்கு முறுக்குவது ஊரில் அவன் ஒருவன் பழக்கம்.

வெயிலுமுத்து சைலன்சர் வேலைக்காரன். மேற்கே மலையடிவாரத்திலிருந்தும் கிழக்கே தேரிக்காட்டிலிருந்தும் இளவட்டங்கள் வண்டியைக் கொண்டுவந்து அவன் பட்டறையில் விட்டுவிட்டு, குரல் மாற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். குழாயை அறுத்து நீளம் குறைப்பான், உள்ளே இருக்கிற தகட்டில் அவன் கணக்குக்குத் துளை போடுவான், கண்ணாடிப் பஞ்சு சுற்றி மூடிப் பற்றவைப்பான். உள் தகட்டை மொத்தமாக வெட்டி எறிந்துவிட்டு, சத்தம் வந்துவிட்டது என்று துள்ளுகிற பட்டறைகளைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். தகர டப்பாவைத் தட்டினாலும்தான் சத்தம் வரும், இழுவை எங்கே? புகை போகிற வழியில் கொஞ்சம் தடுக்கவும் வேண்டும், கொஞ்சம் விடவும் வேண்டும். ரொம்ப விட்டால் இழுவை போய்விடும், ரொம்பத் தடுத்தால் சத்தம் செத்துவிடும். இதை அவன் யாரிடமும் ஒரு தடவையோடு சொல்லி நிறுத்தியதில்லை.

ஊரார் வண்டிக்கெல்லாம் குரல் கொடுத்தவனுக்குத் தன் வண்டிக்குக் கொடுக்க முடியவில்லை என்பதுதான் அவன் வயிற்றெரிச்சல். அவனுடையது பழைய முந்நூற்றைம்பது சி.சி. வண்டி. அதற்கு எந்தச் சத்தம் வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்: நின்றபடி ஓடும்போது உரலில் நெல் குத்துகிற மாதிரி, ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே மூச்சுவிட இடம் இருக்க வேண்டும், முறுக்கினால் அந்த இடைவெளியெல்லாம் ஒன்றாகிப்போய் அடிவயிற்றிலிருந்து ஒரே இழுப்பாக எழும்ப வேண்டும், அதே இழுப்பில் வண்டியும் எழும்ப வேண்டும். பதினோரு வருஷமாக இருபத்தேழு சைலன்சர் செய்து பார்த்தான். ஒன்றில் சத்தம் இருந்தது, இழுவை இல்லை. ஒன்றில் இழுவை இருந்தது, சத்தம் சளி பிடித்த மாதிரி இருந்தது. இருபத்தேழும் பட்டறைச் சுவரில் சுரைக்காய் மாதிரி வரிசையாகத் தொங்கின. வரிசையின் கடைசியில் அந்த வண்டியின் பின்சீட்டும் தொங்கியது. கனம் குறைந்தால் இழுவை கூடும் என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் அதைக் கழற்றி மாட்டினான், பிறகு இறக்கவேயில்லை.

அவன் மனைவி தங்கபுஷ்பம் பட்டறையை ஒட்டியே மாவுக்கடை வைத்திருந்தாள். நாள் முழுக்க கிரைண்டர் ஓடும், அதைத் தாண்டி அவனைக் கூப்பிடுவாள், அவன் திரும்பமாட்டான். "சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்க என் சத்தம் கேக்காது," என்பாள் மாவு வாங்க வருகிறவர்களிடம். "இல்லாத சத்தத்தத் தேடுதாரு பதினோரு வருசமா."

இருபத்தெட்டாவதை, தூர்ந்துபோன கிணற்று மேட்டில் கிடந்த டீசல் பம்புசெட்டின் புகைக்குழாயை வெட்டிச் செய்தான். அதனால்தான் அப்படி ஆனதா என்று ஊரில் மூன்று பேர் மட்டும் கேட்டார்கள், மூன்று பேருக்கும் பதில் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காலை முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து உதைத்தான். எஞ்சின் ஓடியது. டேங்கில் கை வைத்தால் துடித்தது, குழாய் வாயில் பிடித்த துணி படபடவென்று அடித்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஏறிப் பாலம் வரைக்கும் போய் வந்தான். இழுவை என்றால் அப்படி ஓர் இழுவை, காது ஓரத்தில் காற்று கிழிந்தது, வண்டியோ ஊமை. இறங்கி ஸ்பேனரைச் சுவரில் எறிந்தான். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள்தான் அந்தச் சத்தம், அவன் பதினோரு வருஷம் மனதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம், ஒரு குறையும் இல்லாமல், ஆளில்லாமல் ரோட்டில் போனது.

ஊசிப்பாறை அதை வெகுசீக்கிரம் பழகிக்கொண்டது. இன்றைக்கு வண்டி போகும், நாளைக்கு அதே நேரத்துக்கு அதே வழியில் சத்தம் போகும், அவ்வளவுதானே என்று ஊர் எடுத்துக்கொண்டது. சத்தம் வந்தால் சைக்கிள்காரர்கள் ஓரம் கட்டினார்கள், பெண் அழைப்புக்காரர்கள் மேளத்தை நிறுத்தி வழிவிட்டார்கள், டவுன் பஸ் டிரைவர் இடப்பக்கம் ஒடித்துக் கொடுத்தார், ரோட்டில் உளுந்து காயப்போட்டவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் ஒதுக்கிவைத்தார்கள். தூளியில் தூங்கிய பிள்ளைகள் அதைக் கேட்டு எழுந்ததில்லை. அது வராத நாளில்தான் எழுந்து அழுதன.

சத்தத்தைப் பற்றிப் புகார் போய் எஸ்.ஐ. பொன்னையா வந்தார். வண்டியை ஓட்டச் சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ரோட்டில் நின்றார், சத்தம் அவர் தொப்பியை உரசிக்கொண்டு போனது, பிடிக்க ஒன்றும் இல்லை. "வண்டியப் பிடிச்சா சத்தம் இல்ல, சத்தத்தப் பிடிச்சா வண்டி இல்ல. நான் எந்த நம்பர வே எழுத?" என்று சலித்துக்கொண்டு போனவர், பிறகு ஸ்டேஷன் கடிகாரத்தை அந்தச் சத்தத்தை வைத்துத் திருத்த ஆரம்பித்தார்.

ஞானதுரை பக்கத்து ஊர்க்காரர்களிடம், "எங்க ஊரு சத்தம், இருந்து கேட்டுட்டுப் போங்க," என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள், எல்லாம் வெயிலுமுத்துவின் சத்தத்தை. அவனாலோ அதை வைத்துக்கொண்டு ஒரு காரியத்தை மறைக்கவும் முடியவில்லை. "நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குத் தெக்க போயிருக்கீங்க," என்றாள் தங்கபுஷ்பம் மறுநாள் ஆறு மணிக்கு. தெற்கே சாராயக்கடையைத் தவிர வேறெதுவும் கிடையாது.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவனுக்குத் தாங்கமுடியாதது ஒன்றுதான். அந்தச் சத்தத்தை ஆடு கேட்டது, மாடு கேட்டது, எஸ்.ஐ. கேட்டார், ஓட்டுகிறவன் மட்டும் கேட்கவில்லை. ரோட்டோரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுப் பார்த்தான். தன் கல்யாணத்தைத் தானே வீடியோவில் பார்க்கிற மாதிரி இருந்தது. சத்தம் என்பது சீட்டுக்கு அடியிலிருந்து முதுகுத்தண்டில் ஏற வேண்டியது. காதுக்கு வருவது அதன் எச்சில். மிச்சமிருந்த குழாயில் இன்னும் இரண்டு செய்தான், இரண்டும் மற்ற குழாய் மாதிரியே கத்தின. இருபத்தெட்டாவதைப் பிரித்துப் பார்க்கவும் பயம், பிரித்தால் அந்தச் சத்தமும் போய்விட்டால்? யார் வந்து பாராட்டினாலும் கடித்துக் குதறினான்.

"நேத்து போன நேரத்துக்கே, நேத்து போன வேகத்துலயே இன்னைக்கும் போனீங்கன்னா," என்றாள் தங்கபுஷ்பம் ஒருநாள், யாருடைய தூக்குவாளியிலோ மாவை வழித்து ஊற்றிக்கொண்டே, "நேத்தைய சத்தமும் இன்னைக்குள்ள வண்டியும் ஒரே எடத்துல வரும்லா? இதுக்குப் போயி ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு அலையுதீங்க."

கிரைண்டர் அப்போது ஓடாமல் இருந்ததால் அது அவன் காதில் விழுந்தது.

மறுநாள் பத்தேகாலுக்கு உதைத்துக் கிளம்பினான். கோமதியின் ஆடுகள் குறுக்கே வந்தன, பிரேக் பிடித்தான், சத்தம் அவனுக்காகக் காத்திருக்காமல் முன்னால் போய்விட்டது. அதற்கடுத்த நாள் ஆடுகள் இல்லை. ஆனால் சத்தம் முந்தின நாள் ஆட்டுக்காக நின்ற இடத்தில் நின்றது, இவன் நிற்க மறந்து தாண்டிப் போய், ஞாபகம் வந்து பத்தடி தள்ளி நின்றான். மூன்றாம் நாள் இல்லாத ஆட்டுக்கு ஒழுங்காகப் பிரேக் பிடித்தான், அதற்குள் டவுன் பஸ் குறுக்கே வந்தது. நான்காம் நாள் இல்லாத ஆட்டுக்கும் இல்லாத பஸ்ஸுக்கும் நின்றான், புதிதாக ஒரு கோழி வந்தது. இப்படி ஒவ்வொரு நாள் இடைஞ்சலும் மறுநாள் வழியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இருபது நாளில் அந்த மூன்று கிலோமீட்டருக்குள் ஒன்றுமில்லாத ரோட்டில் பதினான்கு தடவை பிரேக் பிடித்துக்கொண்டு போகிறவனாக ஆனான். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் பாவம் என்றார்கள்.

ஊர் கூடிப் பேசியது. "அவனுக்கு எடைஞ்சல் நாமதான் பாத்துக்க," என்றார் ஞானதுரை. "நாமளும் நேத்து மாதிரியே இருந்துட்டா என்ன?" அன்றிலிருந்து பத்தேகாலிலிருந்து பத்தரை வரைக்கும் ஊசிப்பாறை முந்தின நாளைத் திரும்பச் செய்தது. கோமதி ஆடுகளை வேப்பமரத்தடிக்கு ஓட்டிவந்து நிறுத்தினாள். டிரைவர் அதே இடத்தில் ஹாரன் அடித்தார். ஞானதுரை அதே உயரத்துக்கு டீயைத் தூக்கி ஆற்றினார். நடுரோட்டில் வரப்புத் தகராறு பேசிய அண்ணன் தம்பி இரண்டு பேர், சமாதானமான பிறகும் தினமும் பத்து பதினெட்டுக்கு வந்து நின்று, அதே வசவைத் திட்டி முடித்துவிட்டுச் சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள்.

அப்படியும் அமையவில்லை. ஒருநாள் சத்தம் மூன்று ஆள் நீளம் முன்னால் போகும், ஒருநாள் இரண்டு ஆள் நீளம் பின்னால் வரும். வெயிலுமுத்து வண்டியை நிறுத்திவிட்டுக் கோமதியிடம் பாய்ந்தான். "உன் செவல ஆடு நேத்து கெழக்க பாத்துல்லா நின்னுச்சு! இன்னைக்கு ஏன் மேக்க பாக்குது?"

"ஆட்டுக்கு என்னண்ணே தெரியும், நேத்தா இன்னைக்கான்னு," என்றாள் கோமதி. "அதுக்கு இருக்கது ஒரே நாளுதான்."

உண்மையில் குற்றம் ஆட்டின் மேல் இல்லை. ஊர் முழுக்க நேற்று மாதிரி இருந்தாலும் அவன் இருக்கவில்லை. நேற்று இருந்த கோபம் இன்றைக்கு ஒரு பிடி கூடியிருக்கும், கோபம் கூடினால் கை ஒரு நூல் கூடுதலாக முறுக்கும். அவனுக்கு அது புரியவில்லை, அல்லது புரிந்தும் ஆட்டைத் திட்டுவது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

நாற்பத்து மூன்றாம் நாள், வியாழக்கிழமை, அது வந்தது. கேட்டைத் தாண்டும்போது பின்னால் ஓர் ஆள் நீளத்தில் இருந்தது, அரை ஆள் நீளத்துக்கு வந்தது, பிறகு சத்தமில்லாமல் ஒரு கதவு சாத்திக்கொள்கிற மாதிரி அவனுக்கு அடியில் வந்து பொருந்தியது. சீட்டிலிருந்து இடுப்புக்கு ஏறியது, இடுப்பிலிருந்து பிடரிக்கு ஏறியது, பல் அதிர்ந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. பதினோரு வருஷம். டீக்கடையைத் தாண்டினான். வண்டியையும் சத்தத்தையும் ஊர் முதன்முதலாகச் சேர்த்துப் பார்த்தது, ஆனால் நேற்று யாரும் கத்தவில்லை என்பதால் இன்றைக்கும் யாரும் கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஆடுகளுக்கு நின்றான், சத்தமும் நின்றது. அண்ணன் தம்பி வசவுக்கு ஒதுங்கினான், சத்தமும் ஒதுங்கியது. வேப்பமரத்தைத் தாண்டினால் பாலம் வரைக்கும் ஒரு கிலோமீட்டர் நேர் ரோடு. நேற்றுப் போன மாதிரி நாற்பதில் போக வேண்டியது, அவ்வளவுதான், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

ஆனால் அப்படி ஒரு சத்தம் அடியில் இருக்கும்போது எந்தக் கை சும்மா இருக்கும்? கை முறுக்கியது. அவன் சொல்லவில்லை, அது முறுக்கியது. வண்டி பாய்ந்தது, சத்தம் பின்னால் நின்றுபோனது.

பாலத்தில் போய் நிறுத்தினான். நேற்றைய சத்தம் நாற்பதிலேயே சாவகாசமாக வந்து, அவனைத் தாண்டி, திரும்பி, ஊருக்குப் போய்விட்டது. அவன் டேங்கை ஓங்கி ஓங்கிக் குத்தினான். வலது கையைப் பார்த்து, சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னான். முறுக்காமல் இருந்தால் சத்தம் கிடைக்கும், முறுக்கினால் போய்விடும். முறுக்குவதற்கு இல்லையென்றால் எந்த மடையன் இந்தச் சத்தத்துக்கு அலைவான்? கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பிள்ளை மாதிரி அழுதான். வண்டி பக்கத்தில் ஊமையாக ஓடிக்கொண்டே நின்றது, அணைக்கக்கூடத் தோன்றவில்லை. ரொம்ப நேரம் கழித்து வீட்டுக்கு வந்தான், இரண்டு முறுக்கு முறுக்காமலே அணைத்தான்.

வெள்ளிக்கிழமை வண்டியை எடுக்கவில்லை. எல்லாரும் வழக்கம்போல வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள், வண்டி வரவில்லை, சத்தம் வந்தது. பட்டறை வாசலில் சும்மா ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான் வெயிலுமுத்து. தங்கபுஷ்பம் கிரைண்டரை நிறுத்திவிட்டு மாவுக்கையோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். சத்தம் கேட்டைத் தாண்டியது, ஆட்டுக்கு நின்றது, வசவுக்கு ஒதுங்கியது, வேப்பமரத்தைத் தாண்டியது. பிறகு எழும்பியது. இத்தனை நாளில் ஊர் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. குத்துக்கும் குத்துக்கும் நடுவில் இருந்த இடமெல்லாம் ஒன்றாகி, அடிவயிற்றிலிருந்து, யாரோ வாய்விட்டுக் கூவுகிற மாதிரி எழும்பிப் பாலத்தை நோக்கிப் போனது. ஆடுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. அண்ணன் தம்பிக்கு அடுத்த வசவு மறந்துவிட்டது.

"இப்ப ஒண்ணு எழும்பிச்சே," என்றாள் தங்கபுஷ்பம். "அப்ப சந்தோசமா இருந்திருக்கீங்க."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவனுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் அது கைவிட்டுப் போனது மட்டும்தான்.

"எம்புட்டு நேரம்?" என்று கேட்டான்.

"ரெண்டு எண்ணுறதுக்குள்ள. கலியாணம் கட்டி வந்ததுலேருந்து நான் கேட்டதே இல்ல."

"என்னத்த?"

"நீங்க சந்தோசமா இருந்து."

தூரத்தில் பாலத்தில் சத்தம் நின்றபடி ஓடியது. உரலில் குத்துகிற மாதிரி, மூச்சுவிட இடம் விட்டு, ஒன்று, ஒன்று, ஒன்று என்று. "அங்கன ஒக்காந்து அழுதேன்," என்றான் அவன், தலையைத் தூக்காமல். "அழுதப்பவும் அது நல்லாத்தான் ஓடியிருக்கு," என்றாள் அவள். அது ஓடி முடித்து, ஊருக்குத் திரும்பி வந்து, வாசலில் உறுமாமல் அணைகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்றார்கள்.

"ஏய் வெயிலு!" டீக்கடையிலிருந்து ஞானதுரை கத்தினார். "இன்னைக்கு வண்டி எடுக்கலயா? அப்ப நாளைக்கு நாங்க என்னத்தக் கேக்க?"

அவனுக்குச் சுள்ளென்று ஏறியது. இவனுங்களுக்குச் சத்தம் ஊட்டத்தான் நான் பிறந்தேனா என்று முனகிக்கொண்டே உள்ளே போனான். இருபத்தேழு சைலன்சரையும் தாண்டிப் போய்க் கடைசியில் தொங்கிய பின்சீட்டை இறக்கினான். ஏழு வருஷத் தூசியைத் துணியால் அடித்தான். நாலு போல்ட்டில் ஒன்று துருப்பிடித்து ஏறமாட்டேன் என்றது, அதையும் அதன் அம்மாவையும் திட்டி ஏற்றினான். மணி பதினொன்று ஆகிவிட்டது.

"ஏறு," என்றான்.

"என் கனத்துக்கு இழுவை கொறையும்," என்றாள் தங்கபுஷ்பம், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. "நேத்து மாதிரி வராது."

"வராண்டாம்," என்றான் எரிச்சலோடு. "ஏறு."

கேட்டிலிருந்து பாலம் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். கிரைண்டர் இல்லை, வண்டிக்கும் சத்தமில்லை, அதனால் ஒரு வார்த்தை விடாமல் அவனுக்குக் கேட்டது. பாலத்தில் இறங்கி நின்றும் பேசினாள். என்ன பேசினாள் என்று ஊசிப்பாறையில் இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் மறுநாள் வருவது வண்டியின் சத்தம் மட்டும்தான்.

அது சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. கேட்டைத் தாண்டி மெதுவாகப் போனது, வேப்பமரத்தடியில் எழும்பவில்லை, பாலத்தில் போய் ரொம்ப நேரம் நின்றபடி ஓடியது.

"இழுவை கம்மியா இருக்கே," என்றார் ஞானதுரை, டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு.

"ரெண்டு பேரு போயிருக்காங்க, அண்ணாச்சி," என்றாள் கோமதி, சத்தம் திரும்பி வருவதற்கு முன்னால் ஆடுகளை ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டே.